இனிஷியல் இல்லாத குழாய்

ஜூன் 2, திங்கள்

திரவ நைட்ரஜன் கொண்டுவரும் வண்டி இன்றும் வரவில்லை. எங்கள் லேபின் உறைதொட்டியில் மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. வீட்டில் மிக்சி ஜார் ஒழுகுகிறது. இந்த இரண்டு கவலைகளோடு துறையின் மதியக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால், டாக்டர் நித்திலா பேசினாள்.

பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாத தலசீமியாக் குழந்தைகளுக்கு ஸ்டெம் செல் மாற்றுவதற்கு முன்னால் பழைய மஜ்ஜையை அழிக்கக் கடுமையான மருந்து கொடுக்கிறோம். அதைப் பாதியாகக் குறைத்தாலும் புது மஜ்ஜை பிடித்துக்கொள்ளும், கல்லீரல் கெட்டுப்போன குழந்தைகளும் பிழைப்பார்கள் என்றாள். திரையில் காட்டிய படங்கள் அழகாக இருந்தன. பெரியவர் எழுந்து நின்று கை தட்டினார். எங்கள் துறைத் தலைவர் சுந்தரவதனத்தைத்தான் எல்லோரும் பெரியவர் என்கிறோம். அவர் எழுந்து நின்று நான் பார்த்தது குடியரசு தினக் கொடியேற்றத்தில் மட்டும்தான்.

ஆறு வருடங்களுக்கு முன் இதே அறையில், இதே யோசனையை, எலிகளில் செய்த சோதனையோடு நான் சொன்னேன். "நல்லாருக்கும்மா, பாக்கலாம்" என்றார். இன்றுவரை பார்த்துக்கொண்டே இருக்கிறார். இந்த ரேணுகா சொன்னால் யோசனை. ஜெர்மனியில் நான்கு வருடம் இருந்துவிட்டு வந்த நித்திலா சொன்னால் ஆராய்ச்சி.

வீட்டுக்காரர் மனோகரிடம் சொல்லிப் புலம்பினேன். "விடு ரேணு. அவ எம்.டி., நீ பிஎச்.டி. அவ பேஷண்டப் பாக்குறா, நீ குழாயப் பாக்குற" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

ஜூன் 4, புதன்

நித்திலாவின் முதல் நோயாளி வந்தாயிற்று. சஞ்சித், ஐந்து வயது, காங்கேயம் பக்கம். மாதம் தவறாமல் ரத்தம் ஏற்றி, உடம்பெல்லாம் இரும்பு சேர்ந்து, கல்லீரல் வீங்கிய பையன். மஜ்ஜை கொடுக்கப்போவது அக்கா தனுஸ்ரீ, ஒன்பது வயது. முழுப் பொருத்தம். அப்பா லாரி விபத்தில் போய்விட்டார். அம்மா பூங்கொடியும் ஒரு பெரியம்மாவும் துணைக்கு வந்திருக்கிறார்கள்.

தனுஸ்ரீயின் ரத்தம் எடுக்க ஆறாவது மாடி வார்டுக்குப் போனேன். அங்கே ஒரு ரகளை. பையனின் இடுப்பில் அரணாக்கயிறும் வெள்ளித் தாயத்தும். கிருமியில்லாத அறைக்குள் கயிறு, நகை எதுவும் கூடாது என்று சிஸ்டர் சொல்ல, பூங்கொடி அழுதுகொண்டிருந்தாள்.

"பொறந்ததுலேருந்து அவுத்ததே இல்லீங்க. அவனுக்குக் காவலுங்க அது."

நித்திலா தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, "நீங்களே அவுத்து உங்க சுருக்குப்பையில வெச்சுக்கோங்க அக்கா. அவன் பக்கத்துலயேதான இருக்கப்போறீங்க?" என்றாள். அவ்வளவுதான், அழுகை நின்றது. தரையில் உட்காரும் டாக்டரைக் கண்டால் ஜனங்களுக்கு மனசு கரைந்துவிடுகிறது. எனக்கு முட்டி வலி, உட்கார முடியாது.

பெரியம்மா என்னைப் பார்த்து, "நீங்க ரத்தம் டெஸ்ட் பண்றவீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 5, வியாழன்

ஆறாவது மாடி சிஸ்டர் சஞ்சித்தின் ரத்தக் குழாயைக் கொண்டுவந்தாள். இது முக்கியமான குழாய். மாற்றுவதற்கு முன் அவனுடைய சொந்த ரத்தம் எங்களிடம் இருக்க வேண்டும். பிற்பாடு அவன் உடம்பில் ஓடுவதில் எவ்வளவு அவனுடையது, எவ்வளவு அக்காவுடையது என்று பார்க்க அதுதான் அளவுகோல்.

குழாயில் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, இனிஷியல் இல்லை. அனுப்பியவர் டாக்டர் நித்திலா. அவளிடமே திருப்பி அனுப்பிவிட்டேன். விதி விதிதான்.

ஜூன் 6, வெள்ளி

டாக்டர் குமரகுரு அனுப்பிய குழாயில் தேதியே இல்லை. போன் போட்டுக் கேட்டு நானே எழுதிக்கொண்டேன். பாவம், மனிதருக்கு வேலை அதிகம்.

மிக்சி ஜாருக்கு வாஷர் மாற்றியும் ஒழுகுகிறது.

ஜூன் 10, செவ்வாய்

சஞ்சித்துக்கு மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் குழாய் திரும்ப வரவில்லை. இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வேண்டுமென்றால் அனுப்புவார்கள். கேட்டு வாங்குவது என் வேலை இல்லை.

இன்று நித்திலா எல்லோருக்கும் கொழுக்கட்டை கொண்டுவந்தாள். அவளே செய்ததாம். மேல்மாவு விரிசல் விடாமல், பட்டுப்போல. நான் ஒன்று தின்றேன். இரண்டாவது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் போன பிறகு எடுத்துத் தின்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

மாற்று நாள். தனுஸ்ரீக்கு மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். வடிகட்டி, எண்ணி, பையில் அடைத்து, ஆறாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது நான். அணுக்களின் எண்ணிக்கை அருமையாக இருந்தது. பதினான்கு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக நான் பிரித்ததில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பையை மாட்டியது நித்திலா. பூங்கொடி அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஆக்கினவள் அடுப்படியில், பரிமாறினவளுக்குப் பேர்.

இறங்கி வரும்போது, மயக்கம் தெளியும் அறையில் தனுஸ்ரீ ஒண்டியாகப் படுத்திருந்தாள்.

"அம்மா எங்கீங்க?"

"தம்பிகிட்ட இருக்காங்க கண்ணு."

"அவனுக்கு வலிக்குதுங்களா?"

"இல்ல, அவனுக்குச் சும்மா டியூப்லதான் ஏத்துறாங்க."

"எனக்குத்தான் வலிக்குது" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது.

இனி அந்தக் குழாய் வந்தாலும் பயனில்லை.

ஜூலை 8, செவ்வாய்

புது மஜ்ஜை பிடித்துக்கொண்டது. வெள்ளை அணுக்கள் மளமளவென்று ஏறுகின்றன. மாலைப் பத்திரிகையில் படம் போட்டிருக்கிறார்கள். நடுவில் நித்திலா, பக்கத்தில் பெரியவர், ஓரத்தில் என் இடது தோள். என் கைப்பை முழுசாகத் தெரிகிறது.

மனோகர் அதைக் கத்தரித்து பிரிட்ஜில் ஒட்டினார். நான் கிழித்தேன். சாம்பார் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

ஜூலை 15, செவ்வாய்

தனுஸ்ரீ எங்கள் லேப் வாசல் பெஞ்சிலேயே பகல் முழுக்கக் கிடக்கிறாள். இங்கே ஏ.சி. காற்று கதவிடுக்கில் வருகிறது. பெரியம்மா கேண்டீனில் கதை பேசுகிறாள். பையனின் அறைக்குள் இவளை விடுவதில்லை.

"எல்லாரும் சஞ்சித் எப்படி இருக்கான்னே கேக்குறாங்க. நான் குடுக்கலீன்னா அவன் எப்படி இருப்பான்?" என்றாள்.

அதைத்தானே நானும் பதினான்கு வருடமாகக் கேட்கிறேன். ஒரு கடலை மிட்டாய் கொடுத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

சஞ்சித்தின் எண்ணிக்கை இறங்குகிறது. மூன்று நாளாக இறங்குமுகம்தான். ஆறாவது மாடியில் யாரும் சிரிக்கவில்லை.

ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும். எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன். பேனாவில் மை தீர்ந்துவிட்டது. இருக்கட்டும்.

ஜூலை 28, திங்கள்

கைமரிசம் சோதனை செய்தேன். ரத்தத்தில் யாருடைய அணு எவ்வளவு என்று பார்ப்பது அது. வரைபடத்தில் அக்காவின் டி.என்.ஏ. குறிகள் மலைபோல நிற்கின்றன. அவற்றின் காலடியில் இரண்டு குட்டி மேடுகள். அவை பையனின் பழைய அணுக்கள் தலைதூக்குவதாகவும் இருக்கலாம். மெஷின் சில சமயம் காட்டும் வெறும் எதிரொலியாகவும் இருக்கலாம்.

இதில் ஓர் உயிர் தொங்குகிறது. பழைய அணுக்கள் அக்காவுடையதைத் தள்ளிவிடுகின்றன என்றால், அக்காவிடமிருந்து இன்னும் அணுக்களை எடுத்து உடனே ஏற்ற வேண்டும். அப்படி இல்லாமல், வைரஸ் தொற்றுக்காகப் பத்து நாளாகக் கொடுக்கும் மருந்து போல வேறு காரணத்தால் இறங்குகிறது என்றால், ஏற்றக் கூடாது. தேவையில்லாமல் ஏற்றினால் அவை பையனின் தோலையும் குடலையும் அரித்துவிடும்.

"அவனோட பழைய சாம்பிள வெச்சுப் பாத்தா தெரிஞ்சிடுமேக்கா?" என்றாள் நித்திலா. பக்கத்தில் ஆறாவது மாடி சிஸ்டர்.

"பழைய சாம்பிள் எங்ககிட்ட இல்லையே."

அவள் என்னைப் பார்த்தாள். சிஸ்டர் தரையைப் பார்த்தாள்.

"பேரு சரியா எழுதி மறுபடி அனுப்பணும்னு இருந்தேன். விட்டுட்டேன்" என்றாள் நித்திலா. அவ்வளவுதான் சொன்னாள்.

ஜூலை 30, புதன்

வழி தேடுகிறோம். கன்னத்தின் உட்புறம் துடைத்து எடுக்கலாமென்றால் பையனுக்கு வாயெல்லாம் புண், துடைத்தால் ரத்தம்தான் வருகிறது. அந்த ரத்தம் இப்போது அக்காவுடையது. நகம் வெட்டினோம். பொடிசு, டி.என்.ஏ. போதவில்லை. முதலில் பொருத்தம் பார்த்த சென்னை லேபில் மீதியை அழித்துவிட்டார்களாம். பூங்கொடியின் ரத்தம் பார்த்தோம். அந்த இரண்டு மேடுகளுக்கான குறிகளும் அவளிடம் இருக்கின்றன. பையனுக்கு வந்ததா என்பது பாதிக்குப் பாதி. தகப்பன் இல்லை.

நித்திலா மூன்று நாளாக ஒரே புடவை. தலை வாரவில்லை. அதிலும் நன்றாகத்தான் இருக்கிறாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பெரியவர் தனியாகக் கூப்பிட்டார்.

"இது சரியா வரலைன்னா ப்ராஜெக்ட்ட நீங்க எடுத்து நடத்தறீங்களா ரேணுகா? ஆறு வருஷம் முன்னாடி நீங்கதானேம்மா இதைச் சொன்னீங்க? எனக்கு ஞாபகம் இருக்கு."

ஞாபகம் இருக்கிறதாம்! யோசித்துச் சொல்கிறேன் சார் என்று கெத்தாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் புது மிக்சியே வாங்கிவிட்டேன். தேங்காய் அரைத்துப் பாயசம் வைத்தேன். "என்ன விசேஷம்?" என்றார் மனோகர். ஆடி வெள்ளி என்றேன்.

சஞ்சித்துக்குக் காய்ச்சல் என்று சிஸ்டர் போனில் சொன்னாள். அப்போது பாயசம் ஆறவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். எதுவும் இறங்கவில்லை.

முடிவெடுத்துவிட்டார்கள். உறுதியாகத் தெரியாவிட்டாலும், புதன்கிழமை தனுஸ்ரீயிடம் மறுபடி எடுத்து ஏற்றப்போகிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றைத் தாண்டுகிற வேலை. நித்திலா ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் மறுக்க அவள் கையில் ஆதாரம் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மறுபடி எடுப்பதற்கு முன் சோதனைக்காகத் தனுஸ்ரீயை லேபுக்கு அனுப்பினார்கள். ஊசி குத்தும்போது அழவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"ஆன்ட்டி, எல்லாம் அவனுக்குத்தான். புது டிரஸ் அவனுக்கு, பொம்மை அவனுக்கு. தாயத்துகூட அவனுக்கு மட்டுந்தானுங்க."

"உனக்கு அம்மா ஒண்ணு வாங்கித் தருவாங்க."

"வாங்குறது இல்லீங்க அது. அவனோட தொப்புள்கொடி காஞ்சு விழுந்ததை வெள்ளியில போட்டு அடைச்சு வெச்சிருக்குது. என்றத, பொண்ணுக்கு எதுக்குன்னு வாய்க்கால்ல வீசிட்டாங்களாமா."

பஞ்சை நான் வாங்கிக் கீழே போட்டேனா, அவளே போட்டாளா, நினைவில்லை.

தொப்புள்கொடி. பிறந்தபோது விழுந்தது. மாற்றுக்கு ஐந்து வருடம் முந்தையது. அக்காவின் ஓர் அணுகூட அதில் இருக்க முடியாது. ஆஸ்பத்திரியே தலைகீழாகத் தேடுகிற பொருள், பூங்கொடியின் சுருக்குப்பையில் வெற்றிலைக் காம்போடு கிடக்கிறது. பெற்றவளுக்குத் தோன்றவில்லை, டாக்டர்களுக்குத் தோன்றவில்லை. தனக்குக் கிடைக்காததைக் கணக்கு வைத்திருந்தவளுக்குத்தான் ஞாபகம் இருந்தது.

இன்று யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர் ஊரில் இல்லை. வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் லேப் திறக்கும்போதே தனுஸ்ரீ பெஞ்சில் இருந்தாள். "நாளைக்கும் இடுப்புலதான் குத்துவாங்களா ஆன்ட்டி?" என்றாள்.

கைப்பையைக்கூட வைக்காமல் ஆறாவது மாடிக்குப் போனேன். நித்திலாவுக்காக இல்லை, இந்தப் பெண்ணுக்காக. அதைத் தெளிவாக எழுதிவைக்கிறேன்.

சொன்னதும் நித்திலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பூங்கொடிதான் மசியவில்லை. தாயத்தை உடைத்தால் காவல் போய்விடும் என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பாதிதான் எடுப்பேன். மீதியை அப்படியே உள்ள வெச்சு அடைச்சுத் தர்றேன். என்ற பொறுப்பு" என்றேன். எனக்குள் இருந்த ஊர்ப்பேச்சு எங்கிருந்து வந்ததோ. அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

நித்திலா இடுக்கியால் பிடிக்க, நான் மூடியை நெம்பினேன். அரக்கு பொடிந்தது. உள்ளே கருகருவென்று, காய்ந்த புளிக்கொட்டை அளவு. பாதி வெட்டிக் கழுவி, ஊறவைத்து, நாள் முழுக்க இரண்டு பேரும் ஒரே மேஜையில் வேலை செய்தோம். நான் சொன்னபடி செய்தாள், ஒரு கேள்வி கேட்கவில்லை. மதியம் என் டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தை இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் விரல்கள் நடுங்குவதே இல்லை. என்னிடம் இல்லாதது அதுவும் ஒன்று.

புதன்கிழமை ஏற்றுவதைத் தள்ளிவைத்தார்கள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

டி.என்.ஏ. கிடைத்தது. குறைவுதான், ஆனால் சுத்தம். இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன்.

அந்த இரண்டு மேடுகளும் சஞ்சித்துக்குப் பிறவியிலேயே கிடையாது. வெறும் எதிரொலி. அவன் ரத்தம் முழுவதும் அக்காவுடையதுதான். நித்திலாவின் சிகிச்சை பலித்திருக்கிறது. எண்ணிக்கை இறங்கியது வைரஸுக்குக் கொடுத்த மருந்தால். அதை நிறுத்தினால் போதும்.

முடிவை அச்செடுத்த தாளை மேஜையில் வைத்தேன். பெரியவர் கொடுப்பதாகச் சொன்ன ப்ராஜெக்ட் இந்தத் தாளோடு போய்விடும். அவள் ஜெயித்தாள் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்டேன். கையெழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

எண்ணிக்கை ஏறுகிறது. பையன் ரசம் சாதம் கேட்டானாம். தாயத்தை அடைத்துக் கொடுத்தேன். பூங்கொடி என்னைக் கும்பிட்டாள். காலைத் தொடவில்லை, கும்பிட்டாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

துறைக் கூட்டம். எல்லோர் முன்னாலும் நித்திலா எழுந்தாள்.

"முதல் சாம்பிள எடுத்து வெக்காதது என்னோட தப்பு. அதனால ஒரு குழந்தை போயிருக்கும். காப்பாத்துனது ரேணுக்கா. இதைப் பத்தி எழுதப்போற கட்டுரையில முதல் பேரு அவங்களுதுதான். யோசனையும் மொதல்ல அவங்களுதுதான்னு சார் இப்பதான் சொன்னார். எனக்குத் தெரியாம போச்சு, மன்னிச்சுக்கோங்கக்கா."

கை தட்டினார்கள். பெரியவர் எழுந்து நின்று தட்டினார். ஆறு வருடமாக நான் கனவு கண்ட கைதட்டல். குழாய் திரும்பி வந்த கதையை அவள் சொல்லவில்லை. இனிஷியல் என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், விதியைக் காட்டியிருப்பேன். எல்லாப் பழியையும் தானே எடுத்துக்கொண்டு, அதிலும் என்னை முந்திவிட்டாள். நல்லவளாக இருப்பதில்கூட எனக்கு ஓர் இடம் மிச்சம் வைக்கவில்லை.

வயிறு எரிகிறது. மோர் குடித்தேன், அடங்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நாளை அவர்களுக்கு டிஸ்சார்ஜ். தனுஸ்ரீ சொல்லிக்கொள்ள வந்தாள். ரிப்பன் கட்டி, பவுடர் போட்டிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். போகவில்லை.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கட்டுங்களா? யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லு சாமி."

"எல்லாரும் அவனையே பாத்தாங்கல்ல, அப்ப ஒரு நாளு, அவன் செத்துப்போகட்டும்னு நெனச்சேன். அதுக்கு மக்கா நாளுதான் அவனுக்கு மோசமாச்சு. என்னாலதானுங்களா?"

அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தேன். "இல்ல கண்ணு. நெனச்சா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நீ குடுத்த ரத்தந்தான் அவன் உடம்புல ஓடுது. நான் பாத்தேன். பூரா உன்னோடதுதான்" என்றேன்.

"நெசமாலுமே ஒண்ணும் ஆகாதுங்களா?"

"நெசமா."

அவள் முகம் தெளிந்துவிட்டது. மிட்டாயை வாங்கிக்கொண்டு ஓடினாள். நினைத்தால் ஒன்றும் ஆகாது. அதை அவளிடம் மனதாரத்தான் சொன்னேன். நான் நினைத்ததோடு நிற்கவில்லையே.

ஆகஸ்ட் 23, சனி

அந்தக் குழாயை நான் திருப்பிய காரணத்தைச் சொல்லிவிடக் காலையில் ஆறாவது மாடிக்குப் போனேன். நித்திலா ரவுண்ட்ஸில் இருந்தாள். "உக்காருங்க மேடம், வந்துடுவாங்க" என்றாள் சிஸ்டர். ஜூன் மாதம் அந்தக் குழாயைக் கொண்டுவந்து, திரும்ப எடுத்துப்போன அதே சிஸ்டர்.

உட்காரவில்லை. முட்டி வலித்தது. நின்றுகொண்டே இருந்தேன்.